வளர்கிற குதிரைக்கு ஒரு சேணம்

எங்கள் வீட்டில், வாங்கிய அன்றே அளவு சரியாக இருந்த பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. பாவாடை, சட்டை, செருப்பு, ஸ்வெட்டர் எல்லாமே அடுத்த வருஷத்துக்காக வாங்கப்பட்டவை. அடுத்த வருஷம் வருவதற்குள் சாயம் போயிருக்கும், அல்லது கிழிந்திருக்கும். முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று எடுத்த என் புதுநன்மைப் படத்தைப் பார்த்தால் ஒரு வெள்ளைக் கவுன் தெரியும். உற்றுப் பார்த்தால் அதற்குள் நானும் இருப்பேன்.

காரணம் என் பெற்றோரின் தொழில். அப்பாவுக்குத் திண்டிவனத்தில் செருப்புக் கடை. அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பார். ஜூன் மாதம் ஷூ வாங்க வரும் பிள்ளையின் கால்முனையை அப்பா கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் பள்ளத்தில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால், "வளர்ற புள்ள" என்று சொல்லி அடுத்த சைஸை எடுப்பார். நடந்தால் கழன்று வருகிறதே என்று பிள்ளை அழுதால் முனையில் பஞ்சு அடைத்துத் தருவார். அம்மா எந்தத் துணியானாலும் உள்பக்கம் இரண்டு இன்ச் விட்டுத்தான் தைப்பார். "அப்பறமா பிரிச்சு வுட்டுக்கலாம்" என்பார். (நான் கல்லூரி முடிக்கும்வரை பஞ்சின் மேல்தான் நடந்தேன்.)

இப்படிப்பட்ட குடும்பம் ஒரு குதிரைக்குச் சேணம் செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று, அறிவு அதில் பாதி.

பி.காம். முடித்ததும் கிளியனூரைத் தாண்டி, பாண்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புக்கு நடுவே இருந்த குதிரையேற்றப் பள்ளியில் எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் அதை நடத்தினார். மனிதர்களிடம் கத்துவார், குதிரைகளிடம் கெஞ்சுவார். ஆபீஸ் வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் நானும் குதிரை ஏறப் பழகினேன். ஏறினேன், விழுந்தேன், திரும்ப ஏறினேன். விழுவது குறைவதற்குள் பவளம் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பவளம் ஒரு செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. ஆறு வயது. கயிற்றைப் பிடித்து அழைத்துப் போனால் என் துப்பட்டாவின் நுனியை மென்றுகொண்டே பின்னால் வரும். நான் லீவு எடுத்த நாளில் அது தண்ணீர் குடிக்கவில்லை என்று லாயக்காரர் ஒருமுறை சொன்னார். அது பொய்யாகக்கூட இருக்கலாம். நான் நம்பினேன், பஸ்ஸில் அழுதேன்.

மேஜர் எனக்குக் கற்றுக்கொடுத்தது டிரெஸ்ஸாஜ். அதை வீட்டில் புரியவைக்கப் பட்ட பாடு தனி.

"ரேஸா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா."

"எகிறித் தாண்டுமா?"

"தாண்டாதுப்பா."

"அப்ப இன்னாதான் பண்ணும்?"

"நடக்கும். கொஞ்சம் ஜாஸ்தியா நடக்கும். வட்டம் போடும். நிக்கச் சொன்ன எடத்துல ஆடாம அசையாம நிக்கும். நாம சொல்லித்தான் அது செய்யுதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியவே கூடாது. அதுதான் போட்டி."

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓ... நானும் உங்கம்மாவும் மாதிரி" என்றார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சேணம் குறுக்கே வந்தது. டிரெஸ்ஸாஜுக்கு என்று தனிச் சேணம் உண்டு. காலை நேராகத் தொங்கவிட்டு, நிமிர்ந்து, ஆழமாக உட்காரும்படி செய்திருப்பார்கள். அது ஏறுகிறவருக்கும் பொருந்த வேண்டும், குதிரையின் முதுகுக்கும் பொருந்த வேண்டும். பவளத்தின் முதுகு மேடு கூரை முகடு மாதிரி ஒடுங்கி உயர்ந்திருந்தது. பள்ளியில் இருந்த ஒரு சேணத்தில் நான் அளவெடுத்தது போல உட்கார்ந்தேன். அது பவளத்தின் மேட்டைக் கவ்விப் புண்ணாக்கிவிட்டது. பாண்டிச்சேரியில் இருந்து இரவல் வாங்கிய இன்னொன்று பவளத்துக்குப் பொருந்தியது. ஆனால் அது யாரோ ஆறடி மனிதருக்காகச் செய்தது. அதில் நான் டவுன் பஸ் கடைசி சீட்டில் உட்கார்ந்தவள் போல முன்னும் பின்னும் உருண்டேன். பெண்ணுக்குப் பிடித்தால் மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, மாப்பிள்ளைக்குப் பிடித்தால் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்ற கதைதான்.

புண் ஆறியதும் மேஜர் என்னைக் கூப்பிட்டார். சென்னையில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற ஒருவர் பவளத்தை விலைக்குக் கேட்கிறாராம்.

"முதுகுல சேடில் உக்காராத குதிரைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, ஸ்டெல்லா? விழுப்புரத்துல போட்டி வருது. அதுக்குள்ள அதுக்கும் உனக்கும் பொருந்துற மாதிரி ஒரு சேடில் பண்ணி, நீ ஒழுங்கா ஓட்டிக் காட்டு. பவளம் இங்கயே இருக்கும். இல்லன்னா அனுப்பிடுவேன்."

அன்றும் பஸ்ஸில் அழுதேன். (அந்த ரூட்டில் எல்லா கண்டக்டர்களுக்கும் என் அழுகை பழக்கம்.) வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"சேணம்னா இன்னா, தோல்தானே? இதுக்குப் போயி அழுதுக்கினு. ஆம்பூர்ல நம்ம பாய் இருக்காரு. சேணம் ஏத்துமதி பண்ற கம்பெனியில மாஸ்டரா இருந்தவரு. நம்ம கடைக்கே அவருதான் சரக்கு போடறாரு. அளவ மட்டும் எடுத்தாந்து குடு."

மேஜர் வளையும் ஈயப் பட்டை ஒன்றைப் பவளத்தின் முதுகில் அழுத்தி, அந்த வளைவைப் பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் வரைந்தார். எனக்கு இடுப்பில் இருந்து முழங்கால்வரை அளந்து அதையும் பக்கத்தில் எழுதினார். "இந்தக் கோடு ஒரு நூல் கூட மாறக் கூடாது" என்று மிரட்டிக் கொடுத்தார். குருத்து ஞாயிற்று ஓலையைக் கொண்டுபோவது போல நெஞ்சோடு அணைத்து, யார் கையும் படாமல் அதை வீடு கொண்டுவந்து சேர்த்தேன்.

வீட்டில் என்ன நடந்தது என்பது பிற்பாடு நான் நடத்திய விசாரணையில்தான் தெரியவந்தது.

முதலில் அம்மா. கோட்டின் மேலேயே வெட்டித் தரும்படி அவரிடம்தான் காகிதத்தைக் கொடுத்தேன். கத்தரிக்கோலைப் பிடித்த கை பழக்க தோஷத்தில் கோட்டை விட்டு விலகி ஓடியிருக்கிறது. "தையலுக்குக் கொஞ்சம் வுடாம யாராவது வெட்டுவாங்களா?" என்றார். எனக்கு மேஜர் எழுதிய அளவையும் அழித்துக் கூட்டியிருக்கிறார். அதற்கும் பதில் வைத்திருந்தார். "இன்னைக்கு நீ ஈர்க்குச்சியாட்டம் கீற. கல்யாணம் ஆயி ரெண்டு பெத்தா அப்பிடியேவா இருப்ப? தோலப் பிரிச்சு வுட முடியுமா?"

இது எதுவும் தெரியாத அப்பா, அந்தக் காகிதத்தோடு ஆம்பூர் பஸ்ஸில் போகும்போது ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார். ஆறு வயது. ஆறு வயது என்றால் ஒண்ணாங்கிளாஸ். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு அளவாக ஷூ கொடுத்த பாவத்தை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. பாக்கெட்டில் இருந்த பேனாவை எடுத்து, அம்மா வெட்டிய வளைவுக்கு வெளியே இன்னொரு வளைவு போட்டிருக்கிறார்.

மூன்றாவது ஆள், ஆம்பூர் பாய். அப்பா அவரிடம் காகிதத்தைக் கொடுத்து, "கொஞ்சம் பாத்துச் செய்யுங்க பாய், குதிரைக்கு ஆறு வயசுதான் ஆவுது" என்று கவலையோடு சொல்லியிருக்கிறார். பாய் ஏற்றுமதிச் சேணம் தைத்தவர்தான். ஆனால் தோலைத்தான் பார்த்திருக்கிறாரே தவிர, அதைப் போட்டுக்கொண்ட குதிரைகளை அவர் கண்டதில்லை. அவர் வீட்டிலும் ஆறு வயதில் ஒரு பேரன் இருந்தான். "ஆறா? அப்ப சடசடன்னு ஒசருமே. வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவர் பங்குக்கு ஒரு சைஸ் ஏற்றிவிட்டார்.

(ஆறு வயதுக் குதிரை முழுதாக வளர்ந்து முடித்த குதிரை. இது எனக்குத் தெரியும், மேஜருக்குத் தெரியும், பவளத்துக்கும் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை.)

சேணம் முடிய நாளாகிவிட்டது. கடைசியில் போட்டியன்று காலை அப்பாவும் அம்மாவும் அதைத் தூக்கிக்கொண்டு நேராக விழுப்புரத்தில் போட்டி நடந்த கல்லூரி மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். அம்மா தேர்த் திருவிழாவுக்குக் கட்டும் பட்டுப் புடவையில் இருந்தார். அப்பா தோளில் பூப்போட்ட பெட்ஷீட்டில் சுற்றிய பெரிய மூட்டை. மேஜர் மைதானத்தின் மறுகோடியில் நடுவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெட்ஷீட்டைப் பிரித்ததும் சேணத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். அவ்வளவு அழகு. கறுப்புத் தோல் மினுமினுத்தது, தையல் ஒவ்வொன்றும் அரிசி அரிசியாக இருந்தது. ஆசையோடு தூக்கிப் பவளத்தின் முதுகில் வைத்தேன். அது இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கைக்குழந்தை தலையில் ஹெல்மெட் மாட்டியது போல இருந்தது.

அப்பா நெருங்கி வந்து, குதிரைக்கும் சேணத்துக்கும் நடுவே கட்டை விரலை விட்டுப் பார்த்தார். கட்டை விரல் போயிற்று. அதைத் தொடர்ந்து மணிக்கட்டுவரை கையும் போயிற்று.

"நல்லா தாராளமா கீது" என்றார் மனநிறைவோடு.

"அப்பா! இது யாருக்கு எடுத்த அளவு? யானைக்கா?"

"இன்னாத்துக்குக் கத்தற? வளர்ற புள்ள."

வயிற்று வாரைக் கடைசி ஓட்டைவரை இழுத்தேன். அப்போதும் தொளதொளவென்றுதான் தொங்கியது. அதுவரை பழகிய இரவல் சேணம் கிளியனூரில் இருந்தது. எனக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு குதிரைதான் பாக்கி. நடுவர் மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் சென்னைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பவளத்தை ஏற்றிப்போக லாரிகூடக் கொண்டுவந்திருந்தார்.

அப்போது அம்மா அந்தச் சரித்திரப் புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொன்னார்.

"பஞ்சு வச்சா சரியாப் பூடும்."

பஞ்சுக்கு எங்கே போவது? பூப்போட்ட பெட்ஷீட் மடித்து உள்ளே போனது. அப்பாவின் துண்டு போனது. அம்மாவின் சால்வை போனது. எதிரே இருந்த டீக்கடையில் அப்பா கெஞ்சி வாங்கிவந்த சாக்கும் போனது. இப்போது வார் இறுகியது. சேணமும் அசையவில்லை. மேஜர் சொல்லிக்கொடுத்த அத்தனை பாடங்களும் எனக்குள் இருந்து, இது தப்பு, இது தப்பு என்று கத்தின. ஆனால் கல்லூரி முடிக்கும்வரை பஞ்சின் மேல் நடந்தவளுக்கு அம்மாவின் வாக்கே பெரிதாகப் பட்டது. ஏறி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஜாண் இடம், பின்னால் இன்னொருத்தி உட்காரும் அளவுக்கு இடம்.

"ஜல்தி போ. பேர் கூப்புடறாங்க பாரு" என்றார் அம்மா.

உள்ளே நுழைந்தேன். பவளம் அன்றைக்கு ராணி மாதிரி நடந்தது. கழுத்து வளைந்து, காதுகள் முன்னால் பார்க்க, ஒவ்வொரு அடியும் தாளம் தப்பாமல் வந்தது. முதுகில் எதுவும் குத்தவில்லை என்ற சந்தோஷம் அதற்கு. குத்த வேண்டிய சேணம் அதைத் தொடவே இல்லை, நான்கு அடுக்குத் துணிக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

மைதானத்தின் நடுப்புள்ளியில் நிறுத்தினேன். பவளம் சிலையாக நின்றது. இனி வணக்கம். கடிவாள வாரை இடது கையில் பிடித்து, வலது கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தலையைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தினேன். தாழ்ந்த தலை நிமிரவில்லை. அது தொடர்ந்து தாழ்ந்துகொண்டே போனது.

டிரெஸ்ஸாஜில் பதற்றம் வெளியில் தெரியக் கூடாது என்று மேஜர் சொல்லியிருந்தாரே, அதனால் நான் வணக்கத்தைக் கலைக்கவில்லை. கடிகார முள் பன்னிரண்டில் இருந்து மூன்றுக்கு வருவது போல, முகத்தில் புன்னகையோடு, வலது பக்கமாக மெதுவாக இறங்கினேன். நடுவர்களில் ஒரு பெரியவர், ஏதோ புதுவிதமான மரியாதை என்று நினைத்து எழுந்து நின்று பதில் வணக்கம் வைத்தார். சேணம் நழுவ நழுவ, முதலில் டீக்கடைச் சாக்கு வெளியே வந்தது. அப்புறம் சால்வை. அப்புறம் துண்டு. கடைசியாகப் பூப்போட்ட பெட்ஷீட் பவளத்தின் வயிற்றில் இருந்து கொடி மாதிரி இறங்கி விரிந்தது. முள் ஆறுக்கு வந்தபோது நான் குதிரையின் வயிற்றுக்குக் கீழே, பெட்ஷீட்டுக்குள், சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் ஒரு கால் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினேன்.

கூட்டம் கை தட்டியது. விழுப்புரத்துக்காரர்களுக்கு அதுவரை நடந்ததெல்லாம் வெறும் நடையாகத் தெரிந்திருக்கிறது. இதுதான் ஐட்டம் என்று நினைத்துவிட்டார்கள். "ஒன்ஸ் மோர்!" என்று ஒரு குரல்கூடக் கேட்டது.

அதற்கும் மேலே ஒரு குரல். "ஆடாத பவளம்! ஆடாத கண்ணு! இதோ வந்துட்டேன்!" அம்மா பட்டுப் புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டி நடுவில் ஓடிவந்துகொண்டிருந்தார். கையில் தாலிச் சங்கிலியில் இருந்து கழற்றிய ஊக்கு.

"ஒரு ஊக்கு போட்டா நின்னுடும்டி!"

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. என் தலைக்கு இரண்டு பக்கமும் நான்கு குளம்புகள். வயிற்றில் ஆளும் பெட்ஷீட்டும் தொங்கினால் எந்தக் குதிரையும் மிரண்டு ஓடும். ஓடியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பவளம் ஓடவில்லை. ஒரு கால்கூட எடுத்து வைக்கவில்லை. கழுத்தை மட்டும் வளைத்து, கீழே என்னைப் பார்த்து, என் துப்பட்டா இருக்கிறதா என்று முகர்ந்தது.

மேஜர் ஓடிவந்து காலை விடுவித்தார். நான் மண்ணில் உட்கார்ந்திருக்க, அவர் சேணத்தைத் தூக்கிப் பார்த்தார், பெட்ஷீட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார்.

"யார் இந்த அளவ மாத்தினது?"

அம்மா, அப்பா இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நான் கொஞ்சூண்டுதான் சார்..." என்று ஆரம்பித்து, ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறு வயசுக் குதிரை வளராதுங்க!" என்று கத்தினார் மேஜர்.

"அத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கணும் சார்" என்றார் அம்மா.

அதற்குள் சென்னைக்காரர் வந்து சேர்ந்தார். எனக்கு அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சார், பட்டாசுக்கும் பேண்டுக்கும் மிரளாத குதிரைதான் எங்களுக்கு வேணும். இது வயித்துல ஆளு தொங்கியும் நிக்குதே! பேஜாரே இல்ல. பேசினதுக்கு மேலயே தர்றேன். இப்பவே லாரியில ஏத்திடலாம்."

என் மடத்தனத்தால் நானே பவளத்தை விற்றுக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. அதன் முன்னங்காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லை.

மேஜர் என்னைப் பார்த்தார். பிறகு பவளத்தைப் பார்த்தார். அது இன்னும் அதே நடுப்புள்ளியில்தான் நின்றிருந்தது. நான் போகச் சொல்லவில்லையே.

"என் ரெஜிமென்ட்ல கூட இப்படி நின்ன குதிரைய நான் பாத்ததில்ல" என்றார் அவர். "சின்னப் பசங்களுக்குக் கத்துக்குடுக்க இந்த மாதிரி ஒண்ணு கெடைக்காதான்னு எவ்வளவு நாளாத் தேடறேன் தெரியுமா? கொட்டில்லயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன். நீங்க லாரிய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. இது விக்கறதுக்கு இல்ல."

பிள்ளைகளுக்குச் சேணம்கூடத் தேவைப்படவில்லை. முதுகு மேட்டில் படாமல் தைத்த ஒரு மெத்தையே போதுமாக இருந்தது. பவளம் கிளியனூரிலேயே இருந்தது. அன்றைய மதிப்பெண் தாளில் எனக்கு எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டிருந்தார்கள், 'அசையாமல் நிற்றல்' ஒன்றைத் தவிர. அதற்கு முழு மதிப்பெண். அது குதிரைக்குக் கிடைத்தது.

சேணம் அப்பாவின் கடைக்குப் போனது. ஒரு ஸ்டாண்டின் மேல் அதை வைத்தார். அன்றிலிருந்து திண்டிவனத்துப் பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்துதான் ஒரு சைஸ் பெரிய ஷூவைப் போட்டுப் பார்க்கிறார்கள், அழுகை குறைந்திருக்கிறதாம். எங்கள் சொந்தத்தில் யார் எது வாங்கினாலும், "அளவா கீதா, பெட்ஷீட் எடுத்தாரணுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவருக்கு அம்மா கேசரி கொடுப்பதற்கு முன்பே இந்தக் கதையைக் கொடுத்துவிட்டார். அவர் சிரித்து முடித்துவிட்டு, சம்மதம் என்றார். அதற்குப் பரிசாக அம்மா தைத்துக் கொடுத்த கல்யாணக் கோட்டில் இன்னொரு மாப்பிள்ளைக்கும் இடம் இருந்தது.

அதற்கப்புறம் விழுப்புரத்தில் குடித்தனம், இரண்டு பிரசவம், அம்மாவின் பத்தியச் சாப்பாடு. போன வருஷம் மேஜர் போன் செய்தார். பவளத்துக்கு வயதாகிவிட்டது, இனி யாரையும் ஏற்றப்போவதில்லை, கடைசியாக ஒருமுறை நீ வந்து ஏறு என்றார்.

நான் போவதற்குள் அப்பாவும் அம்மாவும் சேணத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே வந்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இத்தனை வருஷம் பிள்ளைகள் ஊட்டிய வெல்லத்திலும் மல்லாட்டைக் கடலையிலும் பவளத்தின் முதுகு பரந்து விரிந்து, கூரை முகடு இருந்த இடமே தெரியவில்லை. என் புடவைத் தலைப்பைக் கண்டதும் அதைக் கவ்வி மென்றது. மேஜர் சேணத்தைத் தூக்கி வைத்தார். அது ஆடவில்லை. சாயவில்லை. வார் நடு ஓட்டையில் வந்து நின்றது. மேஜர் மோவாயைச் சொறிந்தார்.

என் வீட்டுக்காரரும் லாயக்காரரும் தூக்கிவிட, ஏறி உட்கார்ந்தேன். முன்னால் ஒரு ஜாணும் இல்லை, பின்னால் இன்னொருத்திக்கு இடமும் இல்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக, என் பெற்றோர் வாங்கித் தந்த ஒரு பொருள் எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பவளத்துக்கும்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் அம்மா.

அப்பாவுக்கு இப்போது பார்வை கொஞ்சம் மங்கல். தடவிக்கொண்டே பவளத்தைச் சுற்றிவந்தார். சேணத்துக்கும் குதிரைக்கும் நடுவே கட்டை விரலை அழுத்திப் பார்த்தார். போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் சேணத்தின் விளிம்பில் அழுத்திப் பார்த்தார். அங்கேயும் போகவில்லை. கவலையோடு தலையை ஆட்டினார்.

"எடமே இல்லம்மா. பாய்கிட்ட அடுத்த சைஸ் சொல்லிடட்டுமா?"